மனிதனை நினைக்கச் சொன்னவர்கள்: கிறிஸ்தவ வரலாற்றுப் பார்வையும் மதச்சார்பற்ற மானுடவாதமும்

சென்னைச் சபைகளில், முக்கியமாக ஆங்கிலப் புத்தகங்களை வாசித்துப் பிரசங்கம் தயாரிக்கும் போதகர்கள் உள்ள சபைகளில், ‘செக்குலர் ஹியூமனிசம்’ என்ற பெயர் அவ்வப்போது காதில் விழும். தமிழில் மதச்சார்பற்ற மானுடவாதம்: கடவுளைச் சாராமல், மனித அறிவையும் மாண்பையும் அடிப்படையாக வைக்கும் கொள்கை. பெரும்பாலும் இரண்டாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தோடு சேர்ந்தே வரும். கடைசி நாட்களில் மனுஷர்கள் தற்பிரியராயும் பணப்பிரியராயும் இருப்பார்கள் என்ற வசனம் வாசிக்கப்படும். அப்புறம் ஐரோப்பாவின் கதை தொடங்கும். அங்கே ஒரு காலத்தில் எல்லாரும் தேவனுக்குப் பயந்து வாழ்ந்தார்கள், மறுமலர்ச்சிக் காலத்தில் மனிதன் தன்னை நடுவில் வைத்தான், அறிவொளிக் காலத்தில் பைபிளைத் தள்ளினான், டார்வின் வந்தார், குடும்பம் சிதைந்தது, இன்று கோவில்கள் காலி.

இந்தக் கதை முழுப் பொய் அல்ல. ஆனால் அது அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட சண்டைக்காகத் தொகுக்கப்பட்ட கதை. 1961-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பின் அடிக்குறிப்பில், கடவுள் நம்பிக்கையைப் போதிக்காத மதங்களின் வரிசையில் மதச்சார்பற்ற மானுடவாதத்தையும் சேர்த்தது. 1962-ல் அரசுப் பள்ளிகளில் அரசே எழுதிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லவைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடத்தை இழந்துவிட்டோம் என்று கலங்கிய அமெரிக்கச் சுவிசேஷ சபைகள், தங்கள் எதிரிக்கு ஒரு பெயரைத் தேடியபோது இது கையில் கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் அது அரசியல் முழக்கமாகவே ஆகிவிட்டது. சென்னையில் நிலைமை வேறு. இங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைச் சபைகளே நடத்துகின்றன. அப்படி நடத்தும் உரிமையைக் காப்பது மதச்சார்பற்ற அரசமைப்புச் சட்டம். அந்தக் கதையை அப்படியே இறக்குமதி செய்தால் இந்த ஊரின் வரலாறே கண்ணில் படாமல் போகிறது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதச்சார்பற்ற மானுடவாதம் சபைக்கு வெளியே எங்கோ முளைத்து வந்த பகை அல்ல. வரலாற்றைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வையிலிருந்தே அதன் பெரும்பகுதி வந்தது. எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ரோம் விழுந்தபோது

கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக் தலைமையில் விசிகோத்துகள் ரோமாபுரிக்குள் புகுந்து சூறையாடினார்கள். பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் நகரம் அழிந்தது என்று ரோமர் பலர் கிறிஸ்தவர்களைக் குற்றம் சாட்டினார்கள். அதற்குப் பதிலாக, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகுஸ்தீன் 413-ல் எழுதத் தொடங்கி 426-ல் முடித்ததுதான் ‘கடவுளின் நகரம்’. மொத்தம் 22 பாகங்கள். கிறிஸ்தவ வரலாற்றுப் பார்வை என்று நாம் இன்று சொல்வதன் அடித்தளம் அதில் இருக்கிறது.

எல்லாம் சுழன்று சுழன்று மறுபடியும் அதேபடி நடக்கும் என்று கிரேக்கத் தத்துவஞானிகள் சிலர் நினைத்தார்கள். அகுஸ்தீன் அதை மறுத்தார். கிறிஸ்து ஒரே முறை மரித்தார், மறுபடியும் மரிப்பதில்லை. ஆகவே காலத்துக்குத் தொடக்கமும் போக்கும் முடிவும் உண்டு. சிருஷ்டிப்பு, வீழ்ச்சி, மீட்பு, நியாயத்தீர்ப்பு என்று அது ஒரு திசையில் நகர்கிறது. (இதை வைத்துக்கொண்டு, யுகக் கணக்குச் சொன்ன நம் முன்னோருக்கு வரலாற்று உணர்வே இல்லை என்று பேசுவது தவறு. அரசர்களின் ஆட்சியாண்டைக் குறித்துக் கோவில் சுவரில் கல்வெட்டு வெட்டிவைத்த சமூகம் இது.)

அகுஸ்தீனின் அடுத்த வாதம் இன்னும் முக்கியமானது. பிரசங்கங்களில் அதிகம் கேட்காததும் அதுதான். தேவ நகரமும் பூமியின் நகரமும் இந்த உலகத்தில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன என்றார். எந்தப் பேரரசும் தேவனுடைய ராஜ்யம் ஆகாது. சபைக்குள்ளும் களை உண்டு. “இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள்” என்று மத்தேயு 13-ல் வரும் உவமையை அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ், கான்ஸ்டன்டைன் பேரரசனின் வெற்றியில் தேவனுடைய திட்டம் நிறைவேறிவிட்டதாகவே எழுதியிருந்தார். அப்படி யாருடைய வெற்றியையும் தேவனுடைய வெற்றி என்று முத்திரை குத்த அகுஸ்தீன் இடம் தரவில்லை. வரலாற்றுக்குத் திசை உண்டு என்று நம்பிய அதே மனிதர், அந்தத் திசையைத் தனக்குச் சாதகமாக யாரும் வாசித்துவிட முடியாது என்றும் நம்பினார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். பின்னால் வந்தவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டார்கள்.

ஏணியாக மாறிய பாதை

முதலில் விட்டவர்கள் கிறிஸ்தவர்களே. 1202-ல் இறந்த இத்தாலியத் துறவி ஜோவாக்கிம், பிதாவின் காலம், குமாரனின் காலம், ஆவியின் காலம் என்று வரலாற்றை மூன்று படிகளாகப் பிரித்தார். மூன்றாவது படி பூமியிலேயே வரப்போகும் நிறைவான காலம். இந்த மூன்று படி என்ற அமைப்பு பிறகு எத்தனையோ வேஷத்தில் திரும்பி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி ஓகுஸ்த் கோம்த் சொன்ன சமய நிலை, தத்துவ நிலை, அறிவியல் நிலை என்ற மூன்றும் அதே சாயல்தான்.

மறுமலர்ச்சிக் கால மானுடவாதிகளை நாத்திகர் என்று நினைப்பது பரவலான பிழை. அவர்களில் பெரும்பாலோர் விசுவாசிகள். ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியையே கான்ஸ்டன்டைன் போப்புக்குக் கொடுத்ததாகச் சொன்ன பத்திரம் போலி என்று 1440-ல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா மொழி ஆராய்ச்சியால் நிரூபித்தார். 1516-ல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். பழைய ஆவணங்களைக் கேள்வி கேட்டுப் படிக்கும் அந்தப் பழக்கம் இல்லாமல் லூத்தரும் இல்லை, தமிழ் பைபிளும் இல்லை.

பிறகு ஐரோப்பா மதத்தின் பேரால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. 1618 முதல் 1648 வரை நடந்த போர் ஜெர்மானிய நாடுகளைச் சுடுகாடாக்கியது. அதன் நடுவில், 1625-ல், ஹூகோ குரோஷியஸ் என்ற பக்தியுள்ள சட்ட அறிஞர், கடவுள் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் செல்லுபடியாகும் இயற்கைச் சட்டம் ஒன்றைப் பற்றி எழுதினார். அவர் கடவுளை மறுக்கவில்லை. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டுகளும் ஒருவரையொருவர் கொல்லாமல் நிற்க ஒரு பொது நிலம் தேடினார். மதச்சார்பற்ற ஒழுக்கம் என்ற எண்ணத்துக்கான தேவையை உண்டாக்கியது சபைகளின் சண்டைதான். இதைச் சொல்லாமல் ஐரோப்பா வழிதவறிய கதையை மட்டும் சொல்வது நேர்மையில்லை.

லிஸ்பனும் பட்டினப்பாக்கமும்

1755 நவம்பர் 1. சகல பரிசுத்தவான்களின் திருநாள். போர்ச்சுகலின் தலைநகரம் லிஸ்பனின் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. கூரைகள் ஆராதித்தவர்கள்மேல் விழுந்தன. அப்புறம் கடல் ஏறியது, பிறகு தீ. பாவத்துக்கான தண்டனை என்று ஏசுசபைப் போதகர் மலக்ரிடா எழுதினார். அமைச்சர் பொம்பால் இறந்தவர்களைப் புதைக்கவும் பிழைத்தவர்களுக்குச் சோறு போடவும் ஆள் அனுப்பினார். பிறகு ஒவ்வொரு பங்குக் கோவிலுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, அதிர்ச்சி எவ்வளவு நேரம் இருந்தது, கடல் எப்படி நடந்துகொண்டது என்று விசாரித்தார். நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற சமாதானத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கடுமையாகத் தாக்கினார். அடுத்த ஆண்டே அவர் வெளியிட்ட உலக வரலாறு ஆதியாகமத்திலிருந்து தொடங்கவில்லை, சீனாவிலிருந்து தொடங்கியது. 1681-ல் ஆயர் பொசுவே ஆதாமிலிருந்து எழுதிய உலக வரலாற்றுக்கு அது நேரடிப் பதில்.

நமக்கும் அப்படி ஒரு காலை உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கடலோரக் குப்பங்களிலும் கடல் ஏறி வந்தது. வேளாங்கண்ணியில் திருநாளுக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு வந்த வாரங்களில் சென்னையில் இரண்டு விதப் பேச்சு கேட்டது. சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் நிற்கும் தோமையார் கம்பம் கடலைத் தடுத்துவிட்டது என்பது ஒன்று. பாவம் பெருகியதால் வந்த தண்டனை என்பது இன்னொன்று.

இரண்டையும் இயேசுவின் வார்த்தைக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். லூக்கா 13-ல், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றி அவரே பேச்சை எடுக்கிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்கிறார். செத்தவர்களின் பாவக்கணக்கைப் பேரழிவிலிருந்து வாசிக்க அவர் மறுத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். 1934 ஜனவரியில் திருநெல்வேலியில் பேசிய காந்தி, பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை என்றார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமையைப் பற்றிய காந்தியின் துக்கம் உண்மையானது. ஆனால் அந்த வாதத்தில் சீலோவாமின் நியாயம் தாகூர் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். மானுடவாதி சொல்வது சில நேரம் சுவிசேஷத்துக்கு நம் பிரசங்கத்தைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

லிஸ்பனுக்குப் பிறகு ஐரோப்பாவில் ஏணி முழுமையாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது தலைமறைவாக இருந்த தத்துவஞானி கொந்தோர்சே, மனித அறிவின் முன்னேற்றத்தைப் பத்து யுகங்களாக வகுத்து எழுதினார். பத்தாவது யுகம் வரப்போகும் சமத்துவ உலகம். 1794-ல் அதே புரட்சியின் சிறையில் இறந்துபோனார். திசை இருக்கிறது, முடிவில் மகிமை இருக்கிறது, மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்ற எண்ணமும் இருக்கிறது. நடத்துகிறவரும் நியாயந்தீர்க்கிறவரும் மட்டும் இல்லை.

சென்னைக்கு வந்தது எப்படி

வேப்பேரியில் சிறிது தூரம் நடந்தாலே இந்த முழு வரலாற்றையும் தொட்டுவிடலாம். 1761-ல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்து வந்த அச்சு இயந்திரம், வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரிசியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1772-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாயிற்று. அதே வேப்பேரியில்தான் இன்று, கடவுளை மறுக்கும் திராவிடர் கழகத்தின் தலைமையிடமான பெரியார் திடல் இருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் பலரும் மறந்துவிட்டோம். 1878-ல் சென்னையில் சுதந்திர சிந்தனையாளர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. பிறகு அது சென்னை இலௌகிக (அதாவது செக்குலர்) சங்கம் என்று பெயர் பெற்றது. 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். கூடவே ஓர் ஆங்கில இதழும். அவர்களுக்கு ஆதர்சம் லண்டனிலிருந்த சார்ல்ஸ் பிராட்லா. 1866-ல் இங்கிலாந்தின் தேசிய செக்குலர் சங்கத்தை நிறுவியவர். 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தும், நாத்திகர் என்பதால் பதவிப் பிரமாணம் தொடர்பான சண்டையில் சிக்கி, 1886 வரை நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியாமல் போனவர். அவருக்கு முன்னோடியான ஜார்ஜ் ஹோலியோக் 1842-ல் தேவதூஷணக் குற்றத்துக்காக ஆறு மாதம் சிறையில் இருந்தார்; செக்குலரிசம் என்ற பெயரை 1851-ல் புழக்கத்தில் விட்டவரும் அவரே. ஒரு கிறிஸ்தவ நாடு நாத்திகனைச் சிறையில் அடைத்தது என்ற செய்தி சென்னை வாசகர்களிடம் எப்படி எடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று பிரசாரம் செய்த அன்னி பெசன்ட் 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, கடைசியில் அடையாறுக்கே வந்து 1907 முதல் அதன் தலைவராக இருந்தார். முன்னாள் நாத்திகப் பிரசாரகரின் பெயரைத் தாங்கிய பெசன்ட் நகரில்தான் இன்று வேளாங்கண்ணி மாதா கோவில் கொடியேற்றத்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது.

இந்தச் சிந்தனைக்கு வாசல் திறந்தவர்களில் மிஷனரிகளும் உண்டு. உருவ வழிபாட்டையும் புராணங்களையும் அறிவைக் கொண்டு கேள்வி கேள் என்று இங்குள்ள இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் அதே கேள்வியை ஆதியாகமத்தின் மேலும் வைத்தார்கள். 1862-ல் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியைக் கட்டி வளர்த்த வில்லியம் மில்லர், ஒவ்வொரு மாணவனையும் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருவதைக் குறியாக வைக்கவில்லை. இந்தியச் சமூகம் முழுவதிலும் மெல்லப் பரவும் ஒரு செல்வாக்கை எதிர்பார்த்தார். அதுவே ஒரு வரலாற்றுத் தத்துவம்தான். பரவியது என்னவோ உண்மை. ஆனால் படித்துப் போனவர்களில் பலர் எடுத்துச் சென்றது, கடவுளைச் சாராமல் சிந்தித்த ஆங்கிலத் தத்துவஞானிகள் ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் ஹெர்பர்ட் ஸ்பென்சரையும்.

ஜாதி என்ற இடறல்

கல்லூரி வகுப்பறையைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டது என்பதே வேதனை: தனி இருக்கைகள், இராப்போஜனத்தில் யார் முதலில் என்ற வரிசை. தஞ்சாவூரில் அந்த உத்தரவை ஏற்காமல் திரளானோர் சபையைவிட்டு வெளியேறினார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் நடுவில் சுவர் இருக்கிறது.

1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மதத்தை எடைபோட்டது இந்தத் தராசில்தான். “கடவுளை மற, மனிதனை நினை” என்று பெரியார் சொன்னதன் முதல் பாதி எனக்கு ஏற்புடையது அல்ல. இரண்டாம் பாதியை ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயில் வைத்தால் ஒட்டாமல் போகாது. ஆமோஸ் இஸ்ரவேலரிடம், உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோலவே பெலிஸ்தரையும் சீரியரையும் நான் கொண்டுவரவில்லையா என்ற தேவனுடைய கேள்வியைப் போட்டார். தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்ற பெருமையை உடைத்தார். “நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்குங்காலமாயிருக்கிறது” என்று பேதுரு எழுதியதும் அதே தொனி. சபையை நாத்திகர் குற்றம் சாட்டும்போது, அந்தச் சத்தத்துக்குள் தேவனுடைய சத்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய கடமை கிறிஸ்தவ வரலாற்றுப் பார்வையிலேயே இருக்கிறது. அசீரியனைக்கூடத் தம் கையில் கோலாகப் பிடித்தவர் என்று ஏசாயா சொல்லும் தேவன் இவர்.

தாம்பரம், 1938

உலகச் சபைகளே இதைப் பற்றி விவாதிக்கச் சென்னைக்கு வந்தன. 1928-ல் எருசலேமில் கூடிய சர்வதேச மிஷனரி மாநாட்டில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கர் ரூஃபஸ் ஜோன்ஸ் தயாரித்த அறிக்கை ஒன்று வைக்கப்பட்டது. சுவிசேஷத்துக்கு இன்று முன்னால் நிற்பது பிற மதங்கள் மட்டுமல்ல, உலகம் முழுவதும் பரவும் மதமற்ற நாகரிகமே என்றது. 1933-ல் அமெரிக்காவில் 34 பேர் கையெழுத்திட்டு முதல் மானுடவாத அறிக்கை வந்தது. அவர்களில் பலர், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபையின் போதகர்கள்! அடுத்த மாநாட்டைச் சீனாவில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் போர் தொடுத்ததால் அது 1938 டிசம்பரில் தாம்பரத்துக்கு, ஓராண்டுக்கு முன் அங்கே இடம்பெயர்ந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு மாறியது.

டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே எழுதிய பெரிய நூலில், கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மனிதனின் எல்லா மதங்களுக்கும் கொள்கைகளுக்கும் நடுவே தொடர்ச்சி இல்லை என்றார். ஹிட்லரின் நிழலில் இருந்த ஐரோப்பியர் அப்படிச் சொன்னதில் பெரிய நியாயம் உண்டு. சென்னைக் கிறிஸ்தவர்களான செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டு வெளியிட்ட கூட்டு நூலில் மாறுபட்டார்கள். இயேசுவில் புதிய மனுஷகுலமே தொடங்கியிருக்கிறது, சபை என்ற அமைப்பின் எல்லைக்குள் அதை அடைக்க முடியாது என்பது செஞ்சையாவின் பிடிவாதம். சக்கரைச் செட்டியார் வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், 1941-ல் சென்னை மேயர். கிறிஸ்துவை அவதாரம் என்று எழுதிய அதே மனிதர், கடவுளை மறுத்த கம்யூனிஸ்டுகளோடு ஒரே மேடையில் தொழிலாளருக்காக நின்றார். பிறகு அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸின் (ஏஐடியுசி) தலைவராகவும் ஆனார்.

இந்த வழியை இன்னும் தூரம் கொண்டுபோனவர் கேரளத்து இறையியலாளர் எம். எம். தாமஸ். இந்தியாவின் மதச்சார்பற்ற கொள்கைகளையும் கிறிஸ்துவையும் பற்றி அவர் எழுதிய நூலை 1976-ல் பார்க் டவுனிலுள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. மானுடவாதத்தைச் சபை எதிரியாக நடத்தக் கூடாது, அது தேடும் மனித மாண்புக்கு அடித்தளம் கிறிஸ்துவில் இருக்கிறது என்று உரையாடலில் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். மனிதனுடைய பாவத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் எனக்குப் பாதி உடன்பாடு.

சரி, அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, அது இறந்தவர்களைப் பற்றியது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இனி இப்படி நடக்காத சமூகத்தைக் கட்டுவோம் என்கிறார் மானுடவாதி. அவரோடு சேர்ந்து அதைக் கட்டாத கிறிஸ்தவனின் விசுவாசம் எதற்கும் உதவாது. ஆனால் கொந்தோர்சேயின் பத்தாவது யுகம் நாளைக்கே வந்தாலும் அந்த 44 பேருக்கு அதில் இடம் இல்லை. முன்னேற்றம் என்பது இனிமேல் பிறப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் நீதி. உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும் உண்டு என்று சொல்லும் விசுவாசம், உயர் நீதிமன்றம் மூடிய வழக்கு மூடப்படவில்லை என்கிறது. ஏழைகளைச் சும்மா இருக்கவைக்க மறுமையைக் காட்டினீர்கள் என்று நாத்திக நண்பர்கள் சொல்வார்கள். பல இடங்களில் சபை அதைச் செய்திருக்கிறது, மறுக்க முடியாது. என்றாலும் நியாயத்தீர்ப்பை முதலில் கேட்டவர்கள் பண்ணையார்கள் அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழிருந்து “எதுவரைக்கும்” என்று கூப்பிடுகிறவர்கள் கொல்லப்பட்டவர்கள்தான்.